வெளிநாட்டுச் சம்பாத்தியமும் வங்கிவழிப் பணப் பரிமாற்றமும்: கஞ்சிக்கோடு எல்லைப்பகுதி

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் அங்குள்ள தம் கணக்கிலிருந்து ஊரிலுள்ள கணக்குக்குப் பணம் அனுப்புவதும், தேவைப்படும்போது ஊர்க் கணக்கிலிருந்து அங்கே திரும்ப எடுத்துச் செல்வதும் கேரளத்தின் கிழக்கு எல்லைப்புறத்தில் சாதாரணக் குடும்ப நடவடிக்கை. பாலக்காட்டு நகரத்துக்கும் வாளையாருக்கும் இடையே, 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் கஞ்சிக்கோடு, ஐடிஐ, பெமல் போன்ற பொதுத்துறை ஆலைகளும் இரும்பு உருக்காலைகளும் நிறைந்த தொழிற்பகுதி. இங்கே பணம் இரண்டு திசையில் ஓடுகிறது. உருக்காலைகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா, வங்காளத் தொழிலாளர்கள் சம்பளத்தை வடக்கே அனுப்புகிறார்கள். இதே வட்டாரத்துப் பிள்ளைகள் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். முதல் வகை உள்நாட்டுப் பரிமாற்றம். கைப்பேசியிலேயே நொடியில் முடிந்துவிடும். இரண்டாவது வகையில் இரண்டு நாட்டுச் சட்டம், இரண்டு நாணயம், இரண்டுக்கு மேற்பட்ட வங்கிகள் உண்டு. இக்கட்டுரை அதைப் பற்றியது.

பாலக்காடு மாவட்டத்தில் வளைகுடாப் பயணம் மலப்புறத்தை ஒட்டிய மேற்குப் பகுதியில்தான் அதிகம்: பட்டாம்பி, ஒற்றப்பாலம், மண்ணார்க்காடு. தமிழ் பேசுவோர் நிறைந்த சித்தூர் வட்டாரமும் கஞ்சிக்கோடு பக்கமும் பிந்தித்தான் இதில் சேர்ந்தன. கோவை விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் கொச்சிக்குப் போக வேண்டியதில்லை.

கேரளம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் இந்தப் பணத்தின் அளவு பெரியது. 2023-ஆம் ஆண்டின் கேரள இடப்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டிலிருக்கும் மலையாளிகளை ஏறத்தாழ 22 லட்சம் என்றும், அவர்கள் அனுப்பும் தொகையை 2,16,893 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. 2018-இல் இதே ஆய்வு சொன்ன தொகை 85,092 கோடி. போனவர்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை, தொகை இரண்டரை மடங்கானது. 2023-24-க்கான ரிசர்வ் வங்கி ஆய்வில் இந்தியாவுக்கு வந்த இத்தகைய பணத்தில் கேரளத்தின் பங்கு 19.7 சதவீதம், தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம். பணம் வந்த நாடுகளில் அமெரிக்கா 27.7 சதவீதத்துடன் முதலிடத்திலும், ஐக்கிய அரபு அமீரகம் 19.2 சதவீதத்துடன் அடுத்த இடத்திலும் இருந்தன.

வரலாறு

பணம் மாற்றும் சிக்கலே இல்லாத ஒரு காலம் இருந்தது. குவைத், பஹ்ரைன், கத்தார், இன்றைய அமீரகம் ஆகிய பகுதிகளில் இந்திய ரூபாயே புழங்கியது. ரூபாயைக் கொடுத்துத் தங்கம் கடத்தப்பட்டு அந்நியச் செலாவணி கரைந்ததால், 1959-இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று தனி நோட்டுகளை வெளியிட்டது. வேறு நிறத்தில் அச்சிடப்பட்ட இவை இந்தியாவுக்குள் செல்லாது. 1961-இல் குவைத்தும் 1965-இல் பஹ்ரைனும் தமக்கென்று தினார் அச்சிட்டுக்கொண்டன. 1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்து, டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்ததை 7.50 ஆக்கியதும் மற்ற நாடுகளும் விலகின. அதன் பிறகு வளைகுடாவுக்குப் போன தலைமுறைக்கு மாற்று விலை என்பது கூடவே வரும் கவலையாயிற்று.

கடல் கடந்து பணம் அனுப்பும் பழக்கம் தமிழருக்குப் புதிதல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டித் தொழில் செய்த நகரத்தார், உண்டியல் சீட்டின் மூலம் ஊருக்கு ஊர் பணம் மாற்றினார்கள். அந்தப் பின்னணியிலிருந்துதான் மு. சி. த. மு. சிதம்பரம் செட்டியார் அந்நியச் செலாவணி வணிகத்தை நோக்கமாக வைத்து இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். 1937 பிப்ரவரி 10 அன்று அது காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது.

கேரளத்தின் மலைப்பக்கம் நினைவில் வைத்திருக்கும் பரிமாற்றம் வேறு வகையானது. 1964 அக்டோபர் 30-இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையிலிருந்த 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. தாயகம் திரும்பும் குடும்பம் தன் சேமநிதி, பணிக்கொடை உள்ளிட்ட சொத்தைக் கொண்டுவரலாம். அதற்கு இலங்கை விதிக்கும் உச்சவரம்பை ஒரு குடும்பத்துக்கு 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கக் கூடாது என்பது அதில் ஒரு ஷரத்து. தலைமுறைகளாகத் தேயிலைக் கொழுந்து பறித்தவர்களின் வாழ்நாள் சேமிப்பைப் பற்றி இரண்டு அரசுகள் கொடுத்த உறுதி அவ்வளவுதான். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் வண்டிப்பெரியாறு வழியாகச் சென்றடையும் கவி மலையில் கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் ஏலத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள்.

கணக்கு வகைகள்

இந்தியாவிலிருந்து வேலைக்குக் கிளம்பியவர் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி வெளிநாடு வாழ்பவர் ஆகிவிடுகிறார். 1999-இல் இயற்றப்பட்ட இச்சட்டம் 2000 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்குப் பிறகு பழைய சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கியிடம் சொல்லி என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். கிளம்பும் அவசரத்தில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. வருடக்கணக்கில் பழைய கணக்குக்கே சம்பளத்தை அனுப்பிவிட்டு, வீடு வாங்கும்போதோ வரிக் கணக்குக் கொடுக்கும்போதோ திண்டாடுகிறார்கள்.

வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போடுவதற்கு ஏற்றது என்ஆர்ஈ கணக்கு. பணம் ரூபாயாக மாறிவிடும், வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை, அசலையும் வட்டியையும் எந்த வரம்பும் இன்றி மறுபடி வெளியே எடுத்துச் செல்லலாம். என்ஆர்ஓ கணக்கு ஊரில் பிறக்கும் வருமானத்துக்கானது: வீட்டு வாடகை, ஓய்வூதியம், நிலம் விற்ற பணம். அதன் வட்டியில் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடிக்கப்படும். அங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரம்பும், வரி கட்டியதற்கான பட்டயக் கணக்காளர் சான்றிதழும் உண்டு. டாலராகவோ பவுண்டாகவோ அப்படியே வைப்புத்தொகை போட எஃப்சிஎன்ஆர் கணக்கு இருக்கிறது. ரூபாய் சரிந்தாலும் அசலுக்குச் சேதமில்லை.

இந்த வேறுபாடு தெரியாமல் போவதால் வரும் நஷ்டம், அனுப்பும் கட்டணத்தால் வருவதைவிடப் பெரிது. துபாயில் சம்பாதித்த அதே பணம் என்ஆர்ஈ-யில் விழுந்தால் சுதந்திரமாக இருக்கும். என்ஆர்ஓ-வில் விழுந்தால் வட்டிக்கு வரி, திருப்பி எடுக்கக் காகிதம். ஊருக்கு வரும் விடுமுறையில் ஒரு காலைப் பொழுதை வங்கிக் கிளையில் செலவழித்து இரண்டையும் தனித்தனியாகத் திறந்து வைத்துக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் செய்யக்கூடிய ஆகப்பெரிய நல்ல காரியம்.

ஊரிலிருக்கும் பெற்றோரையோ மனைவியையோ என்ஆர்ஈ கணக்கில் கூட்டாகச் சேர்க்கலாம். ஆனால் முதல் கணக்குதாரர் உயிரோடிருக்கும்வரை அவர்தான் உரிமையாளர். மற்றவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்தால் உள்ளூர்ச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம். எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் கூடுதல் இடைஞ்சல் ஒன்று உண்டு. வங்கிப் படிவங்கள் மலையாளம், இந்தி, ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த அம்மா கையெழுத்துப் போடும் இடத்தைக் கவுண்டரிலிருப்பவர் விரலால் காட்டுகிறார். எதற்குப் போடுகிறோம் என்பது அம்மாவுக்குத் தெரிவதில்லை. கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களோடு தமிழிலேயே எழுத்துத் தொடர்பு கொள்ள இடம் தருகிறது. வங்கிக் கவுண்டர்களுக்கும் அந்த நல்வழக்கம் வர வேண்டும்.

பணம் வரும் வழி

உண்மையில் நோட்டு எதுவும் கடல் கடப்பதில்லை. ஒரு வங்கி இன்னொரு வங்கியில் வைத்திருக்கும் கணக்கில் வரவும் பற்றும் எழுதப்படுகின்றன. நாடு விட்டு நாடு போவது அதற்கான செய்திதான். அந்தச் செய்தியைக் கொண்டுசெல்லும் வலைப்பின்னல் ஸ்விஃப்ட். 1973-இல் பெல்ஜியத்தில் நிறுவப்பட்டது. அனுப்பும் வங்கிக்கும் பெறும் வங்கிக்கும் நேரடிக் கணக்கு உறவு இல்லையென்றால் நடுவில் ஒன்றிரண்டு வங்கிகள் வரும். அவை ஒவ்வொன்றும் தம் பங்கைக் கழித்துக்கொள்ளும். அனுப்பிய தொகையும் வந்து சேர்ந்த தொகையும் ஒத்துப்போகாததற்கு இதுவே முதற்காரணம்.

வளைகுடாத் தொழிலாளர் பலர் இந்த வழியில் போவதில்லை. அங்குள்ள எக்ஸ்சேஞ்ச் கடைக்குப் போகிறார்கள். அந்தக் கடைகள் இந்திய வங்கிகளில் ரூபாய்க் கணக்கு வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. கடையில் திர்ஹாமைக் கட்டியதும் அந்த ரூபாய்க் கணக்கிலிருந்து குடும்பத்தின் கணக்குக்குப் பணம் மாறும்; பெரும்பாலும் அன்றைக்கே. கையில் ரொக்கமாக வாங்கும் முறை தனி. அதில் ஒரு தடவைக்கு 2,500 டாலர், ஒருவருக்கு ஆண்டுக்கு 30 தடவை என்று வரம்பு; 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தர மாட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து அனுப்புவோருக்கு 2023 பிப்ரவரி 21 முதல் இன்னொரு வாய்ப்பு வந்தது: அந்நாட்டின் கைப்பேசிவழிப் பரிமாற்ற முறையான பேநௌவும் நம் யுபிஐ-யும் இணைக்கப்பட்டு, கைப்பேசி எண் வழியாகவே சிறு தொகைகளை அனுப்ப முடிகிறது.

பணம் வழியில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் எழுத்துப் பிழை. இந்தியாவில் ஐபான் என்னும் சர்வதேச வங்கிக் கணக்கு எண் இல்லை. கணக்கு எண்ணோடு 11 இலக்க ஐஎஃப்எஸ்சி குறியீடு வேண்டும். முதல் நான்கு எழுத்து வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், மீதி ஆறும் கிளை. 2017 ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் வங்கி ஆஃப் திருவாங்கூர் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தபோதும், 2020-இல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு இணைந்தபோதும் பழைய குறியீடுகள் மாறின. பெயர்ச் சிக்கலும் உண்டு. நம் ஆட்கள் பாஸ்புக்கில் தலைப்பெழுத்து வைத்து எழுதுவார்கள். கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். வீட்டுப் பெயர் இரண்டில் ஒன்றில் மட்டும் இருக்கும். இரண்டு ஆவணத்திலும் பெயர் ஒன்றாக இருக்கும்படி திருத்திக்கொள்வது நல்லது.

செலவு

கட்டணம் என்று எழுதி ஒட்டியிருப்பது செலவின் ஒரு பகுதிதான். மற்றப் பகுதி மாற்று விலைக்குள் மறைந்திருக்கிறது. சந்தையில் ஒரு திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடை கொடுப்பது 22.70 என்றால், 2,000 திர்ஹாமுக்கு 600 ரூபாய் அங்கேயே போய்விடுகிறது. கட்டணம் 15 திர்ஹாம் என்றால் அது 345 ரூபாய். இரண்டும் சேர்ந்து 945. அனுப்பிய தொகையில் ஏறக்குறைய இரண்டு சதவீதம். மாதாமாதம் அனுப்பும் வெல்டருக்கோ டிரைவருக்கோ இது வருடத்துக்குப் பதினோராயிரத்தைத் தாண்டும். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் அதில் அடங்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எல்லாம் போக, ஊர்க் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்? இலவசமாக அனுப்புகிறோம் என்ற விளம்பரத்தைக் காணும்போது இந்தக் கேள்வியை மறக்கக் கூடாது. இத்தகைய செலவை 2030-க்குள் மூன்று சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐக்கிய நாடுகளின் வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. அமெரிக்காவிலிருந்து ரொக்கமாகக் கட்டி அனுப்புவோர்மீது 2026 ஜனவரி 1 முதல் ஒரு சதவீத வரி வந்திருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் அது இல்லை.

குழல்பணம்

கேரளத்தில் குழல்பணம் என்றும், தமிழ்நாட்டில் ஹவாலா அல்லது உண்டியல் என்றும் சொல்லப்படும் வழி, விலை கூடுதலாகத் தருவதாலும் வீட்டு வாசலுக்கே பணம் வருவதாலும் ஆசை காட்டுகிறது. வாளையார் சோதனைச் சாவடியிலும் கோவை–பாலக்காடு ரயில்களிலும் கணக்கில்லாத ரொக்கம் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. அங்கீகாரம் பெற்றவர் மூலமாக அல்லாமல் வெளிநாட்டிலிருப்பவர் சார்பில் பணம் வாங்குவதை அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு தடுக்கிறது. தண்டம் அத்தொகையின் மூன்று மடங்குவரை போகலாம். அண்மைக் காலத்தில் இந்தக் குழல்பணம் வேறு உருவம் எடுத்திருக்கிறது. கமிஷன் ஆசையில் கல்லூரி மாணவர்கள் தம் கணக்கை யாருக்கோ பயன்படுத்தக் கொடுக்கிறார்கள். இணைய மோசடிப் பணம் அதில் விழுந்ததும் கணக்கு முடக்கப்படுகிறது, வழக்கு மாணவர்மேல் பாய்கிறது. எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும் கணக்கைக் கொடுக்கலாகாது.

எதிர்த்திசையும் திரும்பிவருதலும்

ஊரிலிருந்து வெளியே அனுப்பும் தேவையும் கூடிவருகிறது: பிள்ளையின் படிப்பு, மருத்துவம், அங்கே முன்பணம் கட்டிய வீடு. இந்தியாவில் வசிப்பவர் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர்வரை அனுப்பலாம். 2004-இல் இது தொடங்கியபோது வரம்பு 25,000 டாலர்தான். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், கல்விக்கடன் பணம் தவிர மற்றவற்றுக்கு மூலத்திலேயே வரி வசூலிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ள முடியும்.

நிரந்தரமாகத் திரும்புகிறவர் செய்ய வேண்டியதற்கு வரிசை உண்டு. விசா ரத்தாகி அடையாள அட்டை காலாவதியானால் அங்குள்ள வங்கி கணக்கை நிறுத்திவைக்கக்கூடும். ஆகவே பணிக்கொடைப் பணம் கணக்கில் ஏறி, கடன் அட்டை பாக்கி தீர்ந்து, மீதி ஊருக்கு அனுப்பப்பட்ட பிறகே விசாவை ரத்துசெய்யக் கையெழுத்துப் போட வேண்டும். ஊருக்கு வந்ததும் என்ஆர்ஈ கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றச் சொல்ல வேண்டும். எஃப்சிஎன்ஆர் வைப்பு முதிர்வுவரை தொடரலாம். வெளிநாட்டில் வசித்த காலத்தில் அங்கே வாங்கிய சொத்தையும் வைத்திருந்த வைப்பையும் திரும்பிய பிறகும் வைத்துக்கொள்ள அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 6(4) பிரிவு இடம் தருகிறது. அந்த நாணயத்தை நாணயமாகவே இங்கு வைத்திருக்க விரும்பினால், திரும்பியவர்களுக்கென்றே ஆர்எஃப்சி என்ற வெளிநாட்டு நாணயக் கணக்கு இருக்கிறது.