பாதி கட்டிய வீடு யாருடைய ரிஸ்க்? – ஒரு பாலிசியின் கதை

போன தடவை நாணயங்களைப் பற்றி எழுதினேன். இந்தத் தடவை கொஞ்சம் சிமெண்ட், கொஞ்சம் கணக்கு. பி.காம் படிக்கிறவனுக்கு இன்சூரன்ஸ் பாடத்தில் லைஃப், ஃபயர், மரைன் என்று மூன்றைச் சொல்லிக் கொடுப்பார்கள். அதில் எங்கேயும் வராத ஒரு கேள்விதான் இந்தப் பதிவு. கட்டி முடித்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு, சரி. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு?

எங்கள் இண்டூர் பக்கம் கட்டுமானம் நடக்கும் எந்த வீட்டையும் பாருங்கள், வாசலில் ஒரு திருஷ்டி பொம்மை தொங்கும். பாதுகாப்புக்கு அது ஒன்றுதான். பத்து வருடம் பெங்களூரில் சாரம் ஏறிச் சேர்த்த காசு, நகையை அடகு வைத்த காசு எல்லாம் அந்தச் சுவருக்குள் இருக்கும். பொம்மையைக் கிண்டல் செய்யவில்லை, எங்கள் வீட்டிலும் தொங்கியது :-)

கட்டும்போது இடிந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி மிகப் பழையது. சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனில் ஹம்முராபி எழுதி வைத்த சட்டத்தில், கட்டிய வீடு இடிந்து உரிமையாளர் செத்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை. உரிமையாளரின் மகன் செத்தால் கட்டியவனின் மகனுக்கு! சுவர் மட்டும் சரிந்தால் தன் செலவில் திரும்பக் கட்ட வேண்டும். இதில் இழப்பு முழுக்க ஒரே ஆளின் தலையில் விழுகிறது. இழப்பைப் பலர் பங்கிட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை கட்டடங்களுக்கு வர இன்னும் மூவாயிரம் வருடத்துக்கு மேல் ஆனது.

1666 செப்டம்பரில் லண்டன் பற்றி எரிந்தது. நான்கு நாளில் சுமார் 13,200 வீடுகள் போயின. நகரைத் திரும்பக் கட்டி லாபம் பார்த்தவர்களில் ஒருவர் நிக்கோலஸ் பார்பன். இவரே 1680-81 வாக்கில் வீடுகளுக்குத் தீக்காப்பீட்டு அலுவலகம் திறந்தார். செங்கல் வீட்டைவிட மர வீட்டுக்குப் பிரீமியம் இரண்டு மடங்கு. வீடு கட்டி விற்கிற ஆளே இன்சூரன்ஸும் விற்றார் என்பது எனக்குப் பிடித்த தகவல்.

ஆனால் தீக்காப்பீடு முடிந்த வீட்டை நினைத்து எழுதப்பட்டது. கட்டும் வீட்டின் சங்கதியே வேறு. அஸ்திவாரம் போட்ட அன்று அதன் மதிப்பு சில ஆயிரம், கூரை கான்கிரீட் போட்ட மறுநாள் பல லட்சம். சென்டரிங் சரியலாம், மழையில் மண் உள்வாங்கலாம், இறக்கி வைத்த கம்பி இரவோடு இரவாகக் காணாமல் போகலாம். ஒவ்வொன்றுக்கும் தனி பாலிசி எடுத்தால் கட்டுப்படியாகுமா?

இதற்கு விடை 1929இல் வந்தது. லண்டனில் தேம்ஸ் நதிமேல் புதிய லாம்பெத் பாலம் கட்டியபோது கொடுத்ததைத்தான் முதல் 'கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்' பாலிசி என்று சொல்கிறார்கள். பாலம் 1932இல் திறக்கப்பட்டது. இன்ன இன்ன ஆபத்துக்குத் தருவோம் என்று பட்டியல் போடாமல், விலக்கியவை தவிர எல்லாவற்றுக்கும் தருவோம் என்று தலைகீழாக எழுதியதுதான் இதில் புதுமை. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆகும் சேதத்தையும் தனிப் பிரிவாகச் சேர்க்கலாம். இரண்டாம் உலகப்போரில் இடிந்த நகரங்களைத் திரும்பக் கட்டியபோது இது எங்கும் பரவியது.

இந்தியாவில் பொதுக் காப்பீடு 1850இல் கல்கத்தாவின் டிரைட்டன் கம்பெனியில் தொடங்குகிறது. 1973 ஜனவரி 1 முதல் 107 கம்பெனிகள் அரசுடைமையாகி நான்காயின. அதில் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் நம்ம சென்னையில். இந்தக் கட்டுமான பாலிசி இங்கேயும் 'இன்ஜினியரிங்' துறையில் விற்கப்பட்டது. வாங்கியவர்கள் பெரும்பாலும் அணை, பாலம், மின்நிலையம் கட்டியவர்கள். வீடு கட்டும் ஆள் அந்தப் பக்கம் போனதாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். காப்பீட்டுத் தொகையை இன்றைய மதிப்புக்கு இல்லாமல், முடியும்போது ஆகப்போகும் மொத்த மதிப்புக்கு எடுக்க வேண்டும். 20 லட்சம் ஆகும் வீட்டை 10 லட்சத்துக்கு எடுத்துவிட்டு 4 லட்சம் நஷ்டம் வந்தால் கைக்கு வருவது 2 லட்சம்தான். பாதிக்குத்தான் இன்சூர் செய்தீர்கள், மீதிப் பாதிக்கு நீங்களே இன்சூரன்ஸ் கம்பெனி என்று அர்த்தம்!

பழைய வீட்டை இடித்து மாற்றிக் கட்டுகிறவர்களுக்கு வேறொரு கண்ணி. பல ஆண்டுகள் இங்கே எல்லாக் கம்பெனிகளும் பயன்படுத்திய ஸ்டாண்டர்டு ஃபயர் பாலிசியில், முன்கூட்டியே அனுமதி வாங்காமல் வீடு 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் காப்பீடு நின்றுவிடும் என்று ஒரு நிபந்தனை. ரிப்பேர் வேலை என்று வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள் முப்பதே நாளில் திரும்பியதை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

2014 ஜூன் 28 மாலை, மழையில், சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள், ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் பலர். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். இந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் பாலிசியின் விலக்குப் பக்கத்தைக் கவனமாகப் பார்த்தேன். சாதாரண கட்டுமான பாலிசியில் டிசைன் குறையால் வரும் இழப்பு விலக்கப்பட்டிருக்கிறது. மட்டமான பொருளை மாற்றும் செலவும் கிடைக்காது. தொழிலாளியின் உயிருக்கும் அதில் இடமில்லை, அதற்குத் தனிப் பாலிசி, தனிச் சட்டம், தனி வாரியம்.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. 1804 சட்டத் தொகுப்பிலேயே கட்டியவருக்குப் பத்து வருடப் பொறுப்பு வைத்தார்கள். 1978 சட்டத்தில் அதற்கு இன்சூரன்ஸையும் கட்டாயமாக்கினார்கள். நம்முடைய 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தில் கட்டுமானக் குறைக்கு ஐந்து வருடப் பொறுப்பு இருக்கிறது. 16ஆம் பிரிவில் கட்டுமானக் காப்பீடும் இருக்கிறது, ஆனால் அரசு அறிவிக்கை செய்தால்தான் அது கட்டாயம். ஹம்முராபி அறிவிக்கைக்கெல்லாம் காத்திருக்கவில்லை :-)

அந்தச் சட்டமும் விற்பனைக்குக் கட்டும் பெரிய திட்டங்களுக்குத்தான். சொந்த நிலத்தில் தனக்காக வீடு கட்டுகிறவர் அதில் வரமாட்டார். எங்கள் ஊரில் பாதிப் பேர் லேபர் கான்ட்ராக்டில்தான் கட்டுகிறார்கள். சிமெண்ட், கம்பி, ஜல்லி எல்லாம் வீட்டுக்காரர் வாங்குவார், ஆளும் வேலையும் மேஸ்திரி பொறுப்பு. சதுர அடிக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சு, வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ். பாலிசிப் படிவத்தில் உரிமையாளர் பெயருக்கு ஒரு கட்டம், கான்ட்ராக்டர் பெயருக்கு ஒரு கட்டம், ஒப்பந்த மதிப்புக்கு ஒரு கட்டம். மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று எங்கள் தெரு மேஸ்திரியிடம் கேட்டேன். "எழுதினா ஜிஎஸ்டி கேப்பாங்களே தம்பி" என்றார்.