பண்ணைப்புரம் மைக்கிலிருந்து இணைய ஒத்திகை வரை

வீடியோ அழைப்பில் இருக்கும் இரண்டு பேரை ஒன்றாகத் தாளம் போடச் சொல்லிப் பாருங்கள். நான்கு தட்டு தாண்டாது. இவர் அவருக்காகக் காத்திருப்பார், அவர் இவருக்காகக் காத்திருப்பார், தாளம் இழுத்துக்கொண்டே போய் நின்றுவிடும். இரண்டு பேருக்கும் தாள ஞானம் இருந்தாலும் இதே கதைதான்.

படம் தெளிவாக வருகிறது, பேச்சு கேட்கிறது, பாட்டு மட்டும் ஏன் சேரவில்லை? இதற்குப் பதில் தேட இணையத்தில் தொடங்குவதை விடக் கம்பம் பள்ளத்தாக்கில் தொடங்குவது நல்லது. ஒலி எந்த வழியாகப் போகிறது, பாடுகிறவர் காதுக்கு எப்போது திரும்பி வருகிறது என்ற கேள்வி மைக் செட் வந்த நாளிலேயே பிறந்துவிட்டது.

ஒரே மேடை, ஒரே காற்று

தேனி மாவட்டம் 1996-இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. அதற்கு வெகு முன்பே, உத்தமபாளையம் பக்கத்துப் பண்ணைப்புரத்திலிருந்து ஒரு இசைக்குழு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடிய பாவலர் வரதராஜன்தான் அதன் தலைவர். 1958-இல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் நடந்தபோது தோட்டத் தொழிலாளர்கள் நடுவே பாடினார். அவருடைய தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் மூவரும் ஒவ்வொருவராகக் குழுவில் சேர்ந்தார்கள். ராசய்யாதான் பின்னாளில் இளையராஜா, அமர்சிங் கங்கை அமரன்.

அந்தக் காலத்து மேடையின் ஒலி அமைப்பு எளிமையானது. மைக், ஆம்ப்ளிஃபயர், கூட்டத்தைப் பார்த்துக் கட்டிய குழாய் ஸ்பீக்கர். அவ்வளவுதான்! பாடுகிறவருக்கென்று தனி ஸ்பீக்கர் கிடையாது. பக்கத்தில் ஆர்மோனியம், இன்னொரு பக்கம் தபேலா. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் எல்லாமே நேராகக் காதில் விழும்.

குழாயைக் கொஞ்சம் மேடைப்பக்கம் திருப்பினால் மைக் "கீ..." என்று கத்தும். ஸ்பீக்கரில் வந்த ஒலி திரும்ப மைக்கில் நுழைந்து, பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்குப் போவதால் வரும் வினை. மைக் செட் போடுகிறவர் இதை அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தார். போன ஒலி வந்த வழியே திரும்பி வரக்கூடாது என்ற அந்த ஒரே விதி, கீழே இணைய ஒத்திகையிலும் வரப்போகிறது.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அதாவது ஒரு மில்லி செகண்டுக்கு (வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) 34 சென்டிமீட்டர். கச்சேரி மேடையில் பாடகருக்கும் மிருதங்கத்துக்கும் நடுவே இரண்டு மீட்டர் என்றால் தாமதம் 6 மில்லி செகண்ட். இதை யாரும் உணர்வதில்லை. ஆனால் திருவையாறு ஆராதனையில் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடும்போது, 30 மீட்டர் தள்ளி இருப்பவரின் குரல் கிட்டத்தட்ட 90 மில்லி செகண்ட் தாமதமாக வரும். அத்தனை பேர் சேர்ந்து பாடுகையில் தாளத்தை இழுத்துப் பிடிப்பது சும்மா இல்லை.

ஹெட்போன் வந்தது

1968-இல் சகோதரர்கள் சென்னை போனார்கள். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. அன்றைய ஒலிப்பதிவுக் கூடத்தில் வாத்தியக்காரர்கள் மொத்தமாகக் கூடத்திலும், பாடகர் கண்ணாடி போட்ட தனி அறையிலும் இருப்பார்கள். வயலின் ஒலி பாடகரின் மைக்கில் விழக்கூடாது என்பதற்காகப் பிரித்து வைத்தார்கள். பிரித்த உடனே ஒரு சிக்கல். பாடகருக்கு வாத்தியம் கேட்க வேண்டுமே? அதற்கு வந்தது ஹெட்போன்.

பெரிய மாற்றம் இது. அதுவரை காற்று இலவசமாகச் செய்த வேலையை இப்போது ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டியிருந்தது. யாருக்கு எது எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை ஒலிப்பதிவாளர் முடிவு செய்தார். பாடகருக்குச் சுருதியும் தாளமும் தூக்கலாக, மற்றது அடக்கமாக. இதைத்தான் மானிட்டர் கலவை என்கிறார்கள். ரசிகர் கேட்கும் கலவை வேறு, பாடுகிறவர் கேட்கும் கலவை வேறு என்று இரண்டாகப் பிரிந்தது இங்கேதான்.

பிறகு பல தடப் பதிவு பரவியது. வாத்தியம் இன்று, குரல் நாளை என்று ஆனது. சேர்ந்து வாசிக்காமலே சேர்ந்து வாசித்த மாதிரி ஒரு பாட்டு செய்ய முடிந்தது.

தாளில் போகும் இசை

இளையராஜா 1993-இல் லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவுடன் ஒரு சிம்பொனி பதிவு செய்தார். நடத்துநர் ஜான் ஸ்காட். 2005-இல் வெளிவந்த 'திருவாசக'த்துக்கு வாத்தியக் குழு ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் வாசித்தது, குரல்கள் வேறு இடங்களில் பதிவாயின.

இது எப்படி முடிந்தது? எல்லாம் தாளில் எழுதியிருந்தது! மேற்கத்திய இசைக் குறியீட்டில் எழுதிய தாளை வைத்துக்கொண்டு, தமிழ் ஒரு சொல் தெரியாத வயலின்காரரும் வாசித்துவிடலாம். எழுதிய இசைக்குத் தூரம் பெரிய தடை இல்லை. காதால் கற்று, கண் ஜாடையில் மாறும் இசைக்கு அந்த வசதி இல்லை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த வித்தியாசம் முக்கியம்.

கம்பி வழியே பாட்டு

தொலைபேசிக் கம்பியில் இசை போவது பழைய கதை. 1881-இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளமென்ட் ஆடர் என்பவர் ஓபரா அரங்கத்தின் ஒலியைக் கம்பி வழியாகக் கொண்டுவந்து, காதுக்கு ஒன்றாக இரண்டு ரிசீவரில் கேட்க வைத்தார். வானொலி நேரடி ஒலிபரப்பும் இதே வகைதான். எல்லாமே ஒருவழிப் பாதை. கேட்பவர் இரண்டு வினாடி தாமதமாகக் கேட்டாலும் நஷ்டம் இல்லை.

1993-இல் ஃபிராங்க் சினாட்ராவின் 'டூயட்ஸ்' வெளிவந்தது. ஜோடிப் பாடகர்கள் பலர் வேறு வேறு ஊர்களில் இருந்து டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு வழியாகப் பாடினார்கள். ஆனால் சினாட்ரா முன்பே பாடிப் பதிவு செய்துவிட்டார். மற்றவர்கள் அதைக் கேட்டுப் பாடினார்கள். ஜோடிப் பாட்டுதான், ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. 2010-இல் எரிக் விட்டேக்கர் 12 நாடுகளின் 185 குரல்களை இணையத்தில் சேர்த்த 'மெய்நிகர் சேர்ந்திசை'யும் தனித்தனிப் பதிவுகளின் ஒட்டுவேலையே.

நிஜமாகவே இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வாசிக்க முயன்றவர்கள் வேறு சிலர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் குழுவினர் 2000-ஐ ஒட்டி 'ஜாக்ட்ரிப்' முயற்சியைத் தொடங்கினார்கள். 2005-இல் 'நின்ஜாம்', 2006-இல் 'ஜாமுலஸ்' வந்தன. சேஃப் குழு இரண்டு பேரைத் தனித்தனி அறையில் வைத்துக் கைதட்ட விட்டுச் சோதித்தது. தாமதம் சுமார் 11.5 மில்லி செகண்டுக்கு மேல் போனால் தாளம் மெல்ல மெல்ல இறங்கியது. அதற்கும் குறைவாக இருந்தால் ஓட்டம் பிடித்தது! காற்றுக் கணக்கில் 11.5 என்பது நான்கு மீட்டர். பொதுவாக 25 மில்லி செகண்ட் வரை, அதாவது எட்டரை மீட்டர் தள்ளி நிற்பது போல, சமாளித்து வாசிக்கலாம் என்பார்கள்.

தாமதம் எங்கே பிறக்கிறது?

இப்போது தேனிக்கு வருவோம். தேனியிலிருந்து சென்னை சாலை வழியில் சுமார் 500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 500 கிலோமீட்டருக்கு 2.5 மில்லி செகண்ட். காற்றில் இது 85 சென்டிமீட்டர்! போடியில் இருப்பவரும் மயிலாப்பூரில் இருப்பவரும் ஒரே பாயில் உட்கார்ந்த மாதிரி.

அப்படியானால் தாமதம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி இரண்டு முனைகளில் இருந்து. கணினி ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் அனுப்பும். வினாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும்போது 128 மாதிரிகளைச் சேர்த்தால் 2.7 மில்லி செகண்ட், 1024 சேர்த்தால் 21 மில்லி செகண்ட். வைஃபை தடுமாறும் என்று பயந்து செயலி கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்து வைக்கும். புளூடூத் இயர்போன் மட்டும் 100 முதல் 200 வரை தின்றுவிடும். சாலை நன்றாக இருக்கிறது, கூட்டம் எல்லாம் டோல்கேட்டில் என்று வைத்துக்கொள்ளலாம்.

2020: எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில்

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தது. கோயில் விழாக்கள் நின்றன. வகுப்புகள் கைப்பேசிக்கு மாறின. அந்த ஆண்டு டிசம்பர் சீசனும் இணையத்துக்குப் போனது. கச்சேரிகள் பெரும்பாலும் முன்கூட்டியே பதிவு செய்து வெளியிடப்பட்டன.

வகுப்புகளில் முதலில் அடிபட்டது தம்புரா. வீடியோ அழைப்புச் செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மாறாமல் தொடர்ந்து கேட்கும் ஒலியை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். சுருதி காணாமல் போனது! இரண்டு பேர் ஒரே சமயத்தில் பாடினால் ஒருவரை எதிரொலி என்று நினைத்து வெட்டிவிடும். இசைக்காரர்கள் புகார் செய்யச் செய்ய, ஜூம் 2020-இல் இசைக்கென்று தனி ஒலி அமைப்பைத் தந்தது.

அடுத்தது தாளம். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி செகண்ட் என்று வைப்போம். குரு தாளம் போடுகிறார், மாணவி அதைக் கேட்டுச் சரியாகவே போடுகிறாள். ஆனால் அது குருவுக்குப் போய்ச் சேரும்போது 300 மில்லி செகண்ட் பின்தங்கியிருக்கும். தட்டுக்கு அரை வினாடி என்ற வேகத்தில் பாதித் தட்டுக்கு மேல் பிசகு. திட்டு வாங்குவது மாணவி, தப்பு செய்தது கம்பி!

ஆனாலும் கர்நாடக இசை வகுப்பு பிழைத்துக்கொண்டது. காரணம் பழைய பாடமுறை. குரு ஒரு வரி பாடுவார், சீடர் திருப்பிப் பாடுவார். மாற்றி மாற்றி வருவதால் இடையில் அரை வினாடி போனாலும் குறையில்லை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் கேள்வி பதிலாக வாசிக்கும் இடங்களும் ஓரளவு தாங்கும். சேர்ந்து வாசிக்கும் மோரா, கோர்வைதான் தாங்காது.

ஒலியை எப்படிப் பிரித்து அனுப்புவது?

நேரலையாக ஒத்திகை நடத்துகிறவர்கள் கண்டுகொண்ட முறை சுருக்கமாக:

1. தன் குரலைத் தான் கேட்பது கணினி வழியாகப் போகக்கூடாது. மிக்சர் அல்லது ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து நேராக, கம்பி உள்ள ஹெட்போனுக்கு வர வேண்டும்.

2. எதிர்முனைக்கு அனுப்பும் கலவையில் அவருடைய ஒலியே இருக்கக்கூடாது. மற்ற எல்லாம் இருக்கலாம். வானொலிக்காரர்கள் இதை 'மிக்ஸ் மைனஸ்' என்பார்கள். குழாய் ஸ்பீக்கரை மேடைப்பக்கம் திருப்பாதே என்ற அதே விதி!

3. ரசிகர்களுக்குப் போவது மூன்றாவது கலவை, அதில் எல்லாம் இருக்கும். யூடியூப் நேரலை சில வினாடி பின்னால் ஓடுவதால், ஒத்திகையில் இருப்பவர் யாரும் அதைப் போட்டுக் கேட்கக்கூடாது.

4. தாமதம் அதிகமென்றால் ஒருவர் முன்னால், மற்றவர் பின்னால். முன்னால் வாசிப்பவர் பின்னால் வருபவரைக் கேட்கவே கூடாது. பின்னவர் இருக்கும் இடத்தில் இரண்டும் சரியாகச் சேர்வதால், நேரலையும் அங்கிருந்துதான் போக வேண்டும்.

நான்காவது வழி வேலை செய்கிறது. ஆனால் விலை அதிகம். மிருதங்கக்காரர் சட்டென்று ஒரு நடை மாற்ற, அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே பாடகர் ஸ்வரத்தை மாற்றுவார் அல்லவா? அது போய்விடும்.

யாருக்கு நஷ்டம்?

இந்தக் கதையில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. முதலில் கம்பி ஏறியது எழுதிய இசை. அடுத்து மாற்றி மாற்றிப் பாடும் வகுப்பு. கடைசி வரிசையில் நிற்பது, ஒருவரை ஒருவர் கேட்டு அந்த நொடியிலேயே மாற்றிக்கொள்ளும் கூட்டு வாசிப்பு.

கம்பம் பள்ளத்தாக்கின் சொந்தச் சொத்து இந்த மூன்றாவதுதான். நையாண்டி மேளத்தில் நாதஸ்வரமும் தவிலும் பம்பையும் சேர்ந்து போக வேண்டும். தேவராட்டத்தில் அடி மாறினால் அத்தனை கால்களும் அதே நொடியில் மாற வேண்டும். இவர்களுக்கு எழுதிய தாள் இல்லை, சொல்லிக்கொடுத்தபின் திருப்பிப் பாடும் இடைவெளியும் இல்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா போன்ற விழாக்கள்தான் ஒத்திகை, அரங்கேற்றம், வருமானம் எல்லாமே. ஊரடங்கில் பாட்டு வகுப்புகள் கைப்பேசிக்குள் குடியேற முடிந்தது. மேளத்துக்கு அந்த வீட்டில் இடம் கிடைக்கவில்லை.

கருவி வாங்க முடிந்தால் மாறுமா? பாதி மாறும். கம்பி இணைப்பு, கம்பி ஹெட்போன், சிறிய இன்டர்ஃபேஸ் இருந்தால் சின்னமனூரும் மதுரையும் 25 மில்லி செகண்டுக்குள் வந்துவிடலாம், ஒளியின் வேகம் தடுக்காது. லண்டன் என்றால் நேர்கோட்டிலேயே 8,000 கிலோமீட்டருக்கு மேல், ஒருவழிக்கே 40 மில்லி செகண்ட். எந்தக் கருவியும் அதைக் குறைக்காது.

2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. வாசித்தது ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்சர்ட் வாத்தியக் குழு, நடத்தியவர் மைக்கேல் டாம்ஸ். எல்லாம் தாளில் எழுதியிருந்தும், வாத்தியக்காரர்கள் உட்கார்ந்தது ஒரே மேடையில், ஒருவருக்கொருவர் மூச்சு கேட்கும் தூரத்தில். எழுதி வைத்த இசைக்கே அந்தத் தூரம் வேண்டியிருக்கிறது என்றால், எழுதாத மேளத்துக்கு எவ்வளவு வேண்டும்!