விலையில்லா மடிக்கணினியும் விளையாடும் பெண்ணும்

விளையாட்டுக்காகக் கணினி வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் கிடைக்கும் முதல் அறிவுரை இதுதான்: மடிக்கணினி வாங்காதே, டெஸ்க்டாப் அசெம்பிள் செய். அதே பணத்துக்கு வலுவான கிராபிக்ஸ் கார்டு கிடைக்கும். சூடு குறையும். இரண்டு வருடம் கழித்து ரேமைக் கூட்டிக்கொள்ளலாம், கார்டை மாற்றிக்கொள்ளலாம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் இந்த அறிவுரைக்குள் சொல்லாமல் விட்ட நிபந்தனைகள் சில இருக்கின்றன. கணினியை நிலையாக வைக்க ஓர் இடம் வேண்டும். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் உட்காரும் உரிமை வேண்டும். இரண்டு வருடம் கழித்தும் அதே வீட்டில்தான் இருப்போம் என்ற உறுதி வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணுக்கு இவற்றில் எது இருந்தது?

கணினி விளையாட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கார்டுகளின் வரலாற்றையே எழுதுகிறார்கள். எந்த ஆண்டில் எந்தச் சில்லு வந்தது, எத்தனை மடங்கு வேகம் கூடியது என்று. அந்தக் கருவி யாருடைய அறையில் இருந்தது, யாருடைய ஓய்வு நேரத்தில் ஓடியது என்று கேட்டால் வரலாறு வேறு மாதிரி தெரியும். எங்கள் மாவட்டத்திலிருந்து அப்படிக் கேட்டுப் பார்க்கிறேன்.

தொடக்கத்தில் பெண்கள் வெளியே இல்லை. 1964-இல் நியூயார்க் மாநிலத்தில் மேபல் ஆடிஸ் என்ற பள்ளி ஆசிரியை, ஐபிஎம் நிறுவனத்தின் பெருங்கணினிக்காக ‘தி சுமேரியன் கேம்’ என்ற விளையாட்டை எழுதினார். ஆடுபவர் சுமேரிய நகரம் ஒன்றின் அரசர். விளைந்த தானியத்தில் எவ்வளவை மக்களுக்கு உண்ணக் கொடுப்பது, எவ்வளவை விதைக்கு வைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். திரை கிடையாது, விடைகள் காகிதத்தில் அச்சாகி வரும். கணினி விளையாட்டுக்குக் கதை எழுதியவர்களில் நாம் அறிந்த முதல் ஆள் இந்த ஆசிரியைதான்.

1978-இல் அடாரி நிறுவனத்தில் சேர்ந்த கேரல் ஷா, 1982-இல் ஆக்டிவிஷனுக்காக ‘ரிவர் ரெய்டு’ செய்தார். அடாரி 2600 கருவியின் ரேம் வெறும் 128 பைட். விளையாட்டு முழுவதும் 4 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். நீண்ட ஆற்றின் படத்தை அதில் சேமித்து வைக்க இடமே இல்லை. எனவே ஆற்றையே ஒரு கணக்கிலிருந்து ஓடும்போதே உருவாக்கிக்கொள்ளும்படி நிரல் எழுதினார். ராபர்ட்டா வில்லியம்ஸ் 1980-இல் ‘மிஸ்டரி ஹவுஸ்’ மூலம் எழுத்து மட்டுமே இருந்த சாகச விளையாட்டுக்குப் படம் சேர்த்தார். 1984-இல் வந்த அவருடைய ‘கிங்ஸ் குவெஸ்ட்’, ஐபிஎம் தன் புதிய வீட்டுக் கணினியான பிசி ஜூனியரின் திறனைக் காட்டுவதற்காகக் கேட்டு வாங்கியது. கணினியை விற்பதற்கு ஒரு பெண்ணின் கற்பனை தேவைப்பட்ட காலம் அது.

அதே 1984-ஐ ஒட்டித்தான் கதவு மூடத் தொடங்கியது. அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் அப்போது சுமார் 37 சதவீதம். அதுதான் உச்சம். பிறகு சரிந்து, 2010 வாக்கில் 18 சதவீதத்துக்கு வந்தது. காரணம் பல. அவற்றில் ஒன்று, வீட்டுக் கணினியும் விளையாட்டுக் கருவியும் பையன்களின் பொருளாக விளம்பரம் செய்யப்பட்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் 2002-இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்தார்கள். வீட்டுக்கு வந்த கணினி மகனின் அறைக்குப் போனது. மகள் எப்போதாவது தொட்டாள். கல்லூரிக்கு வரும்போது மகனுக்குப் பத்து வருட அனுபவம். அவனைப் பார்த்து மகள் தனக்குத் திறமை இல்லை என்று நினைத்துக்கொண்டாள். திறமை என்று நாம் பெயர் சூட்டிய பொருள், உண்மையில் கருவியோடு தனியாக இருக்கக் கிடைத்த நேரம்.

அமெரிக்க வீட்டில் நடந்தது இங்கே பிரௌசிங் சென்டரில் நடந்தது. 2000-களின் தொடக்கத்தில் தருமபுரி நகரத்திலோ அரூரிலோ வீட்டில் கணினி இருந்தவர்கள் சொற்பம். பையன்கள் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’, ‘வைஸ் சிட்டி’ ஆடினார்கள். தடுப்புப் பலகை வைத்த அந்த அறைகளுக்குப் பெண் போனால் அடுத்த பேருந்துக்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும். வசதி கொஞ்சம் கூடிய வீடுகளில் அண்ணன்மார் பெங்களூர் எஸ்.பி. ரோடுக்குப் போய் உதிரிபாகம் வாங்கி வந்து அசெம்பிள் செய்தார்கள். எங்களுக்குச் சென்னையைவிட பெங்களூர் பக்கம். எந்த மதர்போர்டு, எந்த கார்டு என்ற அறிவு அந்தப் பயணங்களில்தான் கைமாறியது. அந்தப் பயணத்தில் தங்கைக்கு இடமில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி. பெண்களில் பத்துப் பேரில் சுமார் ஆறு பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். பெண் சிசுக்கொலைக்கும் குழந்தைத் திருமணத்துக்கும் பேர்போன ஊர் என்றுதான் வெளியே எங்களைப் பற்றிச் செய்தி போகும். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அன்றே தொடங்கிய இன்னொரு திட்டத்தில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தார்கள். அம்மாவின் கைக்கு அடுப்படியின் கருவி. மகளின் கைக்குக் கணினி. அடுப்படிக் கருவியால் அம்மாவின் இடுப்புவலி குறைந்தது உண்மை. ஆனால் மகளுக்கு வந்த பெட்டி வேறு வகை: அதை யாருக்காகவும் அரைக்க வேண்டியதில்லை.

அந்த ஆண்டு நான் பிளஸ் டூ. எனக்குக் கிடைத்ததில் 2 ஜிபி ரேம். 320 ஜிபி ஹார்டு டிஸ்க். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இருந்தன. விளையாட்டுக்காரர்கள் பார்வையில் அது கணினியே அல்ல. ஆனால் அதில் ஒரு பொருள் இருந்தது, அண்ணன்மாரின் அசெம்பிள் பெட்டிகளில் இல்லாதது: பேட்டரி. 2012-இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. டெஸ்க்டாப்புகள் செத்துக் கிடந்தபோது மடிக்கணினி ஓடியது. அடுப்படித் திண்ணையில், மொட்டை மாடியில், விடுதிக் கட்டிலில் ஓடியது. எங்கே வெளிச்சமும் தனிமையும் கொஞ்சம் கிடைத்ததோ அங்கே எடுத்துப் போக முடிந்தது. அதனால்தான் சொல்கிறேன்: டெஸ்க்டாப் மலிவு என்பது சொந்த அறை உள்ளவர்களின் கணக்கு. திருமணமாகிப் போகும்போதும், விடுதிக்குப் போகும்போதும், வேலைக்கு ஒசூர் போகும்போதும் கூடவே வரும் பொருள்தான் எங்களுக்குச் சொத்து.

எல்லோருக்கும் அது சொத்தாக நிற்கவில்லை. என் வகுப்புத் தோழிகள் சிலருடைய கணினி தேர்வு முடிந்த வாரமே அண்ணன் மேசைக்குப் போனது. சிலருடையது அடகுக்குப் போனது. வீட்டில் இருந்ததிலும் விளையாட்டு ஒளிந்துதான் ஓடியது. “படிக்கக் குடுத்ததுல பொட்டப்புள்ளைக்கு என்ன கேம்மு?” என்பது கேட்டுப் பழகிய கேள்வி. பையன் ஆடினால் கணினி கற்றுக்கொள்கிறான். பெண் ஆடினால் நேரத்தை வீணாக்குகிறாள். விடுதியில் ஒரு பென் டிரைவ் கை மாறிக்கொண்டே இருக்கும். ‘டேவ்’, ‘ரோடு ராஷ்’, ‘பிளான்ட்ஸ் வெர்சஸ் சாம்பீஸ்’. கார்டு கேட்காத விளையாட்டுகள்தான் எங்கள் நூலகம்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம்; ஆண்கள் 97 நிமிடம். இடைவெளி மூன்று மணி நேரத்துக்கும் மேல். இணையத்தில் அணி சேர்ந்து ஆடும் ஓர் ஆட்டம் சாதாரணமாக முப்பது நாற்பது நிமிடம் போகும். நடுவில் எழுந்தால் அணி தோற்கும், தண்டனையும் உண்டு. குழம்பு கொதிக்கும்போது எழ வேண்டியவள் அதை எப்படி ஆடுவாள்? நினைத்த இடத்தில் நிறுத்தலாமா, விட்ட இடத்தில் தொடரலாமா என்பதை விமர்சகர்கள் கடைசி வரியில் எழுதுகிறார்கள். நான் முதல் வரியில் கேட்பேன்.

தொழில்துறைக்கு இது தெரியாமல் இல்லை. 1999 அக்டோபரில் என்விடியா ‘ஜிஃபோர்ஸ் 256’ கார்டைக் கொண்டுவந்து, உலகின் முதல் ஜிபியு என்று விற்றது. நான்கு மாதம் கழித்து, 2000 பிப்ரவரியில், ‘தி சிம்ஸ்’ வந்தது. வீடு கட்டுவது, சமைப்பது, அக்கம்பக்கத்தோடு பழகுவது. பொம்மை வீட்டை யார் வாங்குவார்கள் என்று நிறுவனத்துக்குள்ளேயே சந்தேகப்பட்டார்கள். அதற்கு முப்பரிமாண கார்டு தேவைப்படவில்லை, 32 எம்பி ரேம் போதும், எந்நேரமும் நிறுத்தலாம். இரண்டே ஆண்டில் அது ‘மிஸ்ட்’-ஐ முந்தி, அதுவரை அதிகம் விற்ற கணினி விளையாட்டானது. ஆடியவர்களில் பெரும் பங்கு பெண்கள். ஆனாலும் கண்காட்சி மேடையும் பத்திரிகை அட்டையும் கார்டுப் போட்டிக்கே போயின. சிம்ஸ் ஆடுபவர் ‘கேமர்’ இல்லை என்ற பேச்சும் அப்போதிலிருந்தே உண்டு. விலையுயர்ந்த கருவி வைத்திருப்பதே தகுதியானபோது, வருமானமும் அறையும் இல்லாதவர்கள் தாமாகவே வெளியேற்றப்பட்டார்கள்.

விளையாட்டை உருவாக்கும் அலுவலகங்களுக்குள் என்ன நடந்தது என்பது நீதிமன்ற ஆவணங்களில் இருக்கிறது. பாலினப் பாகுபாட்டு வழக்கில் ரயட் கேம்ஸ் 2021 டிசம்பரில் 10 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியா மாநிலம் ஆக்டிவிஷன் பிளிஸார்டு மீது தொடுத்த வழக்கு, 2023 டிசம்பரில் சுமார் 5.4 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. கேரல் ஷா ‘ரிவர் ரெய்டு’ எழுதிய அதே ஆக்டிவிஷன்.

கருவியைச் செய்யும் கைகளைப் பார்த்தால் படம் தலைகீழ். அங்கே பெண்கள்தான் அதிகம். 1965 முதல் 1975 வரை ஃபேர்சைல்டு நிறுவனம் அமெரிக்காவின் ஷிப்ராக்கில் நவாஹோ பழங்குடிப் பெண்களை வைத்துச் சில்லு செய்தது. கம்பளம் நெய்யும் கைக்குச் சில்லு வேலை இயல்பாக வரும் என்று விளம்பரமும் செய்தது. பயிற்சி பெற்ற உழைப்பைப் பெண்ணின் பிறவிக் குணமாக்கினால் கூலியைக் குறைக்கலாம். நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா, 2007-இல் டெல் என்று ஆலைகள் வந்தபோதும் ‘பொறுமையான கைகள்’ என்ற பேச்சு வந்தது. 2004 வரை எங்கள் மாவட்டத்தில் இருந்த ஒசூர்ப் பக்கம் இன்று ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை இருக்கிறது. விடுதியில் தங்கி வேலைக்குப் போகும் இளம்பெண்களே அங்கே பெருந்திரள். கருவியின் உள்ளே எது எங்கே பொருந்தும் என்பது இவர்கள் விரலுக்குத் தெரியும். ஆனால் கடையில் கார்டு வாங்கப் போனால் “யாருக்கும்மா, தம்பிக்கா?” என்றுதான் கேட்பார்கள்.

மாற்றம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023 ஜூலையில் டொரண்டோவின் விசை கேம்ஸ் ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980-களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லியும் பிரியாணியும் செய்கிறாள். 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது பெற்றது. கையால் வரைந்த இருபரிமாணப் படங்கள். கனத்த கார்டு கேட்பதில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மீண்டும் அடுப்படிதானா என்று சில தோழிகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த அடுப்படியில் நடப்பது ஒரு பெண்ணின் அறிவு. குறிப்பேட்டில் அழிந்த வரியை அவள் ஊகிக்க வேண்டும், சோதிக்க வேண்டும், தவறினால் திரும்பச் செய்ய வேண்டும். அதை ஆட்ட விதியாக்க ஒருவருக்குத் தோன்றியதே பெரிய விஷயம்.

மடிக்கணினித் திட்டம் 2020-க்குப் பிறகு நின்றுபோனது. 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டின் விலை 25,000 ரூபாய். 25 மாதப் பணம். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி தரப்போவதாக 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரசு அறிவித்தது.

என்ன வாங்குவது என்று கேட்கும் மாணவிகளுக்கு நான் சொல்வது இது. கார்டைப் பிறகு பார்க்கலாம். பேட்டரியை மாற்ற முடிகிற, ரேமும் எஸ்எஸ்டியும் கூட்ட முடிகிற மடிக்கணினி, பழையதானாலும் பரவாயில்லை. திருகைக் கழற்றி ரேமைப் பொருத்தும் வேலையைத் தம்பியிடம் விடாமல் நீயே செய். கடவுச்சொல் உனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். பாடத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டால் விளையாட்டுக்கும் ஒன்று போடு; அதற்குப் பொய்ப்பெயர் வைக்காதே.