ஏரி வாரியமும் இரவுக் காவலும்

பாரி மறைந்தபின் பறம்பு மலையைத் திரும்பிப் பார்த்த கபிலர், அம்மலையின் சிறு குளமொன்றின் கரை உடைவதையும் பாடினார். புறநானூற்றின் 118ஆம் பாட்டைக் கையறுநிலை என்று துறை சொல்லிக் கடந்து செல்வது நம் வழக்கம். வரலாறு கற்பார்க்கு அது நிருவாகச் செய்தியும் ஆகும். தலைவன் போனான், கரையும் போயிற்று. ஒரு தலைவனை மட்டும் நம்பியிராமல் கரையைக் காக்க வழியுண்டா என்ற வினாவிற்குத் தமிழகம் கண்ட விடைகளுள் ஒன்று, கபிலர்க்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் உத்திரமேரூரில் கல்லில் எழுதப்பட்டது.

முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே நாம் பெரிதும் எடுத்துக்காட்டுகிறோம். மேடைகளில் அவை மக்களாட்சியின் தொட்டில் ஆகிவிட்டன. அத்தேர்தல் எதற்காக நடந்தது என்று கேட்போர் குறைவு. ஊரின் 30 குடும்புகளிலிருந்து ஓலையிட்டு எடுக்கப்பட்டவர்கள் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எனப் பிரிந்து பணியேற்றனர். ஏரி வாரியத்திற்கு அறுவர். பணிக்காலம் 360 நாள். காணி நிலமும் சொந்த மனையும் உடைய, 35 வயதிற்கு மேல் 70க்குள் அமைந்தவர்களின் பெயரே ஓலையில் எழுதப்பெறும். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். மன்னனின் அலுவலர் ஒருவர் உடனிருக்கச் சபையார் இவற்றை வகுத்தனர்.

ஏரிக்கெனத் தனி வாரியம் ஏன் வேண்டும்? தொண்டை நாட்டில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஏரிகளோ தனித்தனியே கிடப்பவை அல்ல. மேலேரியின் கலிங்கு வழிந்த நீர் கீழேரிக்கு வரும். மேலே ஓர் ஏரி உடைந்தால் அவ்வெள்ளம் அடுத்த ஏரியையும் உடைத்துக்கொண்டு போகும். கலிங்கின்மேல் வரிசையாகக் கற்களை நட்டு, இடையில் மண்ணும் புல்லும் அடைத்து, பருவக் கடைசியில் நீரைச் சற்று உயர்த்தித் தேக்குவது பழைய முறை. பெருவெள்ளம் வருகையில் அவ்வடைப்பை உரிய நேரத்தில் பிடுங்கியாக வேண்டும். சற்று முன்னரே பிடுங்கினால் ஒரு போகத்தின் நீர் வீணாகும். சற்றுத் தாழ்த்தினால் கரை போகும். ஆயக்கட்டில் நிலமுடையவர் நீர் நிற்கட்டும் என்பார். நீர்ப்பிடிப்பின் ஓரத்தில் பயிரிட்டவர் திறந்து விடு என்பார். நள்ளிரவில், கொட்டும் மழையில், இவ்விருவரையும் மீறி முடிவு சொல்லும் உரிமை கரைமேல் நிற்கும் ஒருவர்க்கு இருந்தாக வேண்டும். இன்று பேரிடர் மேலாண்மை எனப் பெயர் சூட்டப்பட்டிருக்கும் துறையின் நடுச்சிக்கல் இதுவே என்பது என் கருத்து.

அவ்வுரிமையோடு பொருளும் சேர்ந்திருந்தது. ஏரிப் பராமரிப்புக்கென ஏரிப்பட்டி நிலம் ஒதுக்கப்பட்டது. ஓடம் விட்டுத் தூர் அள்ளுவதற்குக் கொடையளித்த செய்திகளும் கல்வெட்டுகளில் உண்டு. ஆயினும் இதனைப் பொற்காலமாகத் தீட்டுவது பிழை. உத்திரமேரூர்ச் சபை பிராமணர் சபை. அறுவர் பெயரைக் குடத்திலிருந்து எடுத்த ஊரில், கூடையில் மண் சுமந்தவர் ஒருவரின் பெயரும் அக்கல்லில் இல்லை. இப்பகுதியைப் பாடம் சொல்லும்போதெல்லாம், வாரியத்தில் பெண்கள் இருந்தார்களா என்று மாணவியர் கேட்பதுண்டு. கல்வெட்டில் அதற்கு இடமில்லை என்று சொல்லி மேலே செல்கிறேன்.

உத்திரமேரூருக்கு அண்மையிலேயே உள்ளது மதுராந்தகம். அங்குள்ள ஏரிகாத்த இராமர் கோயிற் கதையை அன்பர்கள் அறிவர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினியின் ஜாகீர்க் கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ். கரை உடைந்துவிடும் என்று அஞ்சி மழையிரவில் அவர் ஏரியைப் பார்க்கச் சென்றபோது, வில்லேந்திய இளைஞர் இருவர் கரையைக் காத்து நிற்கக் கண்டார் என்பது கதை. நன்றியாகத் தாயார் சந்நிதியை அவர் கட்டுவித்தார் என்பர். அங்கே அவர் பெயர் பொறித்த கல்வெட்டும் உண்டு. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. நான் கருதுவது அதன் பாத்திரங்களை. கரைமேல் கலெக்டர் இருக்கிறார், கடவுள் இருக்கிறார், வாரியத்தைக் காணோம். ஊர்ச்சபைகள் ஆட்சி அதிகாரம் இழந்து நெடுநாள் ஆகிவிட்ட காலத்துக் கதை அது.

ஊருக்கு எஞ்சியது குடிமராமத்து எனும் உழைப்புக் கடமை. அதற்கும் 1858இல் சட்டம் வந்தது. அவ்வாண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், ஏரியோ ஆற்றங்கரையோ உடையும் நிலை தோன்றினால் உடலுழைப்பாளர்களை வேலைக்கு அழைக்க அதிகாரிகளுக்கு உரிமை தந்தது. மறுத்தவர்க்குத் தண்டனை உண்டு. கூலி கொடுக்கவேண்டும் என்ற விதி இருந்ததையும் மறைக்கலாகாது. எனினும் கல்லில் கண்ட ஒழுங்கு இங்கே தலைகீழாயிற்று. அங்கே சட்டத்தின் சுட்டுவிரல் கணக்குக் காட்டாத வாரியத்தாரை நோக்கி நீண்டது. இங்கே அது மண்வெட்டி தூக்காத கூலியாளை நோக்கி நீண்டது.

விடுதலைக்குப் பின்னும் புயலும் வெள்ளமும் வருவாய்த் துறையின் பொறுப்பாகவே தொடர்ந்தன. 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்குரியனவாக 29 பொருள்களைப் பட்டியலிட்டது. சிறுபாசனம் அதில் உண்டு, பேரிடர் இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகைக் கடற்கரையை வாரிக்கொண்டு போன பிறகு, 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி இணைத்தலைவர். அதன் 41ஆவது பிரிவு, உள்ளாட்சி அமைப்புகள் தம் பணியாளர்க்குப் பயிற்சி தந்து, கருவிகளை ஆயத்த நிலையில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. மாவட்ட ஆணையத்தின் கட்டளைக்கு உட்பட்டு, என்ற தொடரும் அப்பிரிவின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின் எழுந்த எச்சரிக்கை ஏற்பாடுகளும் கடலோரப் பாதுகாப்பு மையங்களும் உயிர்களைக் காத்திருக்கின்றன. அதனைக் குறைத்துப் பேசுவது நன்றியன்று. ஆனால் புயல் கடந்த மறுநாள் எந்தத் தெருவில் நடக்க இயலாத கிழவி இருக்கிறாள், எந்த வாய்க்கால் அடைபட்டிருக்கிறது என்பது மாவட்டத் தலைநகரின் திரையில் தெரிவதில்லை.

தெரிந்திருக்க வேண்டிய அமைப்போ, தமிழ்நாட்டில் வேண்டும்போது இல்லாமற் போனது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் நடைபெறவில்லை, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். அவ்வாண்டு டிசம்பரில் வர்தா, 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி, 2018 நவம்பர் 16இல் நாகைக்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்த கஜா. மூன்று புயல்களின்போதும் ஊராட்சி மன்றத் தலைவர் என்று எவரும் இல்லை. உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கி 2016இலேயே சட்டம் செய்தாயிற்று. என் மாணவியர் கேட்ட கேள்விக்குச் சட்டத்தில் விடை வந்த அதே ஆண்டில் மன்றங்கள் வெறுமையாயின.

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் தேர்தல் நடந்தது. காஞ்சிபுரம் அவற்றுள் இல்லை. உத்திரமேரூர் இன்று ஒரு பேரூராட்சி. வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் குடவோலை விதிகளைத் தாங்கி நிற்கும் அவ்வூர்க்கு, 2022 பிப்ரவரி வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. 2020 நவம்பரின் நிவர் புயலும் 2021 நவம்பரின் பெருமழையும் அவ்விடைவெளியில் வந்து போயின. கல்லில் குறித்த பணிக்காலம் 360 நாள். இவ்விடைவெளி ஐந்தாண்டுக்கு மேல்.