தொழுகையும் நமாஸும்: வட ஆர்க்காட்டுப் பகுதியில் இஸ்லாமிய அடிப்படைக் கடமைகளின் பெயர் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

இஸ்லாத்தின் ஐந்து கடமைகளும் ஆறு நம்பிக்கைகளும் உலகெங்கும் ஒன்றே. ஆயினும் அவற்றைச் சுட்டும் சொற்கள் தமிழில் ஒரே நெறியில் அமையவில்லை. சில தமிழாயின, சில அரபியாகவே நின்றன, சில பாரசீக வடிவில் வழங்குகின்றன. இவ்வேறுபாட்டிற்கான காரணங்களைப் போளூரை உள்ளடக்கிய பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தொழுகை, நோன்பு, ஸக்காத், பள்ளி, ஷாஃபிஈ, ஹனஃபி, வட ஆர்க்காடு

முன்னுரை

சவ்வாது மலையடிவாரத்தில் அமைந்த போளூர், 1989 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. 18ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த இப்பகுதியில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களும் உருது பேசும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஒரே வழிபாட்டை ஒருவர் தொழுகை என்பார். மற்றவர் நமாஸ் என்பார். இஸ்லாம் தமிழகத்திற்கு வந்த இருவேறு வழிகளின் தடம் இவ்விரு சொற்களில் பதிந்துள்ளது.

ஐந்து கடமைகள்

இறைவன் ஒருவனே, முஹம்மது நபி அவனுடைய தூதர் என உறுதிமொழியும் கலிமா, நாள்தோறும் ஐவேளைத் தொழுகை, ரமளான் மாத நோன்பு, ஸக்காத், ஹஜ் ஆகியன ஐந்து கடமைகள். இவற்றுள் தொழுகை, நோன்பு ஆகிய இரண்டு மட்டுமே தமிழ்ச் சொற்களாக நிலைபெற்றன.

'தொழு' என்னும் வினை சங்க இலக்கியம் முதலாக வழங்கி வருவது. 'நோன்பு' என்பதும் இஸ்லாத்திற்கு முற்பட்டது. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றுக் கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்ததைக் குறிக்கையில் 'நோற்ற' என்ற சொல்லையே ஆள்கிறது. போளூருக்கு அருகிலுள்ள திருமலையும் சமணர் சிறந்து விளங்கிய இடமாகும். சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்தைச் சுட்டிய 'பள்ளி' என்னும் சொல்லே பின்னர் முஸ்லிம்களின் தொழுமிடத்திற்கும் உரியதாயிற்று. திருப்புல்லாணியில் உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, சோனகர்க்குரிய 'பிழார்ப்பள்ளி'க்கு வழங்கிய இறையிலியைக் கூறுகிறது. புதிதாக வந்த சமயத்திற்குத் தமிழ், தன்னிடம் முன்பே இருந்த சமயச் சொற்களை ஈந்தது என்பதற்கு இது சான்று.

அவ்வாறாயின் ஸக்காத் ஏன் 'தானம்' ஆகவில்லை? ஹஜ் ஏன் 'யாத்திரை' ஆகவில்லை? இக்கடமைகளின் இலக்கணத்தில் விடை உள்ளது. தானம் கொடுப்போர் விருப்பத்தைப் பொறுத்தது. ஸக்காத்தோ குறித்த அளவுக்கு மேற்பட்ட செல்வம் ஒரு சந்திர ஆண்டு முழுவதும் கைவசம் இருப்பின் பொன், வெள்ளி, பணம் ஆகியவற்றில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 விழுக்காடு, கட்டாயமாக வழங்க வேண்டியது. பெறுவதற்கு உரியோர் எண்வகையினர் எனக் குர்ஆன் வரையறுக்கிறது. ஹஜ்ஜும் விரும்பிய காலத்தில் விரும்பிய தலத்திற்குச் செல்லும் பயணமன்று; துல்ஹஜ் மாதத்தின் குறித்த நாள்களில், மக்காவிலும் அதனைச் சூழ்ந்த இடங்களிலும், வசதியும் உடல்வலிமையும் உடையோர் வாழ்நாளில் ஒருமுறை நிறைவேற்றுவது. பழகிய தமிழ்ச் சொல் இங்குப் பொருளைக் குறைத்துவிடும். ஸக்காத்தை 'ஏழைவரி' எனச் சிலர் எழுதியும் அச்சொல் அரபிச் சொல்லை அகற்றவில்லை. கலிமாவோ மொழியப்படும் வாசகமே ஆதலால் அரபியில் நின்றது.

நம்பிக்கைகளின் மொழி

இறைவன், வானவர், வேதங்கள், தூதர்கள், இறுதி நாள், இறை நிர்ணயம் ஆகிய ஆறும் ஈமான் எனப்படும் நம்பிக்கையின் கூறுகள். இறுதி நாளுக்குப் பிந்திய வாழ்வைக் குறிக்க, திருக்குறள் ஆளும் 'மறுமை' என்னும் சொல் இயல்பாகப் பொருந்தியது. ஆறாவது கூறாகிய கத்ர் அவ்வாறு பொருந்தவில்லை. 'ஊழ்' என்பது முன்வினைப் பயனை உணர்த்துவது. மறுபிறப்பை ஏற்காத இஸ்லாத்தில் அதற்கு இடமில்லை. எனவே 'விதி' எனத் தமிழில் விளக்கினும், 'கத்ர்' என்னும் சொல்லும் உடன் வழங்கி வருகிறது.

இத்தெரிவு மிகப் பழையது. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிரமசலா, யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு சலாமின் வினாக்களுக்கு நபிகள் விடையளிக்கும் அமைப்பில் சமய அடிப்படைகளைத் தமிழர்க்கு உரைத்தது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜுறத்து என அரபிப் பெயரிட்ட காண்டங்களைக் கொண்டது. உள்ளமைப்போ தமிழ்க் காப்பிய மரபின் படலங்களால் ஆனது. 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898), சமயச் சட்டங்களை அரபுத்தமிழில் எழுதினார். தமிழ் மொழியையும் அரபி எழுத்தையும் இணைத்த அம்முறையில், மொழிபெயர்க்க வேண்டாத சொற்கள் தம் வடிவிலேயே நின்றன.

இருவழி வரவு

கடல்வழி வந்த அரபுத் தொடர்பு, கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ சட்டப்பள்ளியை நிறுவியது. தக்காணம் வழியாக வந்த ஆட்சியாளரும் படையினரும் ஹனஃபி சட்டப்பள்ளியையும் பாரசீக, உருதுச் சொற்களையும் வட ஆர்க்காட்டிற்குக் கொணர்ந்தனர். இதற்கு ஒலியும் சான்றாகிறது. அரபியின் 'ளாத்' எழுத்தைத் தமிழ் முஸ்லிம்கள் ளகரமாக ஒலித்து ரமளான், உளூ, ஃபர்ளு என்றனர். பாரசீக வழியில் அதே எழுத்து 'ஸ', 'ஜ' ஒலி பெற்று ரம்ஜான், வுஜூ, ஃபர்ஜ் ஆயிற்று. நமாஸ், ரோஜா என்பன பாரசீகச் சொற்களே.

நடைமுறையிலும் வேறுபாடு உண்டு. ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழல் நீங்கலாக, அதன் உயரத்திற்குச் சமமானதும் ஷாஃபிஈகளுக்கு அஸர் நேரம் தொடங்கும். ஹனஃபிகள் பெரும்பாலும் இருமடங்காகும்வரை காத்திருப்பர். வெள்ளிக்கிழமை ஜுமுஆவிற்கு ஷாஃபிஈ முறையில் நாற்பதின்மர் வேண்டும். ஹனஃபி முறையில் இமாம் நீங்கலாக மூவர் போதும். முஸ்லிம்கள் சிலராகவே வாழும் சிற்றூரில், ஜுமுஆ நடைபெறுமா என்பதையே இவ்வெண்ணிக்கை தீர்மானிக்கக்கூடும்.

இரு வழிகளும் சந்தித்த இடம் வேலூர். அங்கு ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவில் இரு சட்டப்பள்ளி மாணவர்களும் பயின்றனர். அதில் கற்ற அப்துல் ஹமீது பாகவி, குர்ஆன் முழுவதையும் தமிழாக்கினார். அதே காலத்தில் 'தாருல் இஸ்லாம்' இதழாசிரியர் பா. தாவூத் ஷா, ஜுமுஆப் பேருரை கேட்போர்க்கு விளங்கும் தமிழில் அமைய வேண்டும் என வாதிட்டுக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். வழிபாட்டின் மொழி எது என்னும் வினா, ஏட்டளவில் நில்லாது பள்ளிவாசலின் மேடையையும் எட்டியது.

முடிவுரை

அனைவரும் நாள்தோறும் அல்லது ஆண்டுதோறும் நிறைவேற்றும் கடமைகள் தமிழ்ப் பெயர் பெற்றன. அளவும் நிபந்தனையும் உடைய கடமைகள் அரபிப் பெயரைக் காத்துக்கொண்டன. பிறிதொரு கொள்கையின் சாயல் படியும் இடத்தில் மொழிபெயர்ப்பு தயங்கி நின்றது. எனவே அரபிச் சொற்களின் இருப்பைத் தமிழிலிருந்து விலகலாகவோ, தமிழ்ச் சொற்களின் இருப்பைச் சமயத்திலிருந்து நெகிழ்வாகவோ கொள்ளுதல் பொருந்தாது. சமணர் நோற்ற சொல்லால் ரமளானைக் குறித்த தமிழ் முஸ்லிம், தம் கொள்கையில் எதனையும் இழக்கவில்லை. அண்டை வீட்டாருக்கு அதனை விளக்க வேண்டிய தேவையும் அவருக்கு எழவில்லை.