பெயரில் தங்கிய பயணம்: வட சிலாங்கூர் நன்னீர் மீன்களின் வருகை வரலாறு

முன்னுரை

செபாட் சியாம், லம்பாம் ஜாவா, கெலி ஆப்பிரிக்கா. மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் புழங்கும் இந்த மலாய்ப் பெயர்கள், அம்மீன்கள் வந்த வழியைத் தாமே சொல்லிவிடுகின்றன. அவை எப்போது வந்தன, எந்த நீரில் நுழைந்தன என்று அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: இங்கே முதலில் மாறியது நீர், மீன் மாறியது அதற்குப் பிறகுதான்.

கருநீர்

ராஜா மூசா, சுங்கை காராங் உள்ளிட்ட வனக்காப்பகங்கள் சேர்ந்த மட்கரிச் சதுப்புக் காடு ஏறத்தாழ 80,000 ஹெக்டேர் பரப்புடையது. இலையும் வேரும் முழுதாக மட்காமல் படிவதால் நீர் கடுந்தேநீர் நிறத்தில், அமிலத்தன்மை மிகுந்து நிற்கிறது. வளர்ப்பு மீன்களுக்கு ஒவ்வாத இந்நீரே சில சிறு மீன்களுக்குத் தாய்வீடு. அவை அறிவியலின் பதிவேட்டில் ஏறியதோ மிகத் தாமதமாக. பாரோஸ்ப்ரோமெனஸ் ஹார்வேயி 1987இலும், பெட்டா லிவிடா என்னும் சண்டைமீன் 1992இலும், என்கெலோகிளாரியாஸ் கர்ட்டிசோமா என்னும் கெளுத்தியினம் 1993இலும் விவரிக்கப்பட்டன. 1994இல் மீனியலாளர் பீட்டர் இங் குழுவினர் இக்காட்டின் கருநீர் மீன்வளத்தைத் தனி ஆய்வாக வெளியிட்டனர். அதற்குள் மரம் வெட்டவும் நீரை வடிக்கவும் வெட்டிய வாய்க்கால்கள் காட்டை ஊடறுத்திருந்தன.

வயல்நீர்

தஞ்சோங் காராங் பாசனத் திட்டம் 1930களில் உருவெடுத்தபோது சதுப்பின் ஓரம் நெல்வயலாயிற்று. சியாமிலிருந்து 1920களில் பேரா மாநிலத்தின் கிரியான் வயல்களுக்குக் கொண்டுவரப்பட்ட செபாட் சியாம் இங்கும் பரவியது. காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருப்பதால், உயிர்வளி குன்றிய வயல்நீரிலும் அது தாக்குப்பிடிக்கும். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் ஜாவா வழியாகத் திலாப்பியாவும், 1950களில் லம்பாம் ஜாவாவும் வந்தன. இவை மூன்றும் உணவுக்காக மனிதர் கொண்டுவந்தவை. சட்டிக்கு உதவிய மீன் முன்னதாகவே ஏட்டில் ஏறியது. உதவாத கருநீர் மீன் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது.

தோட்டத்து வடிகால்

1917இல் பிரெஞ்சுத் தோட்ட முதலாளி ஹென்றி ஃபொகோன்னியே தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். ரப்பரும் செம்பனையும் பரவப் பரவ வடிகால்களும் பெருகின. அவற்றில் இருந்த ஹருவானுக்கும் புயுவுக்கும் தமிழ்த் தொழிலாளர் புதுப்பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. ஊரில் பார்த்த விராலும் பனையேறியும்தான் அவை. தரங்கம்பாடியில் பனையில் ஏறக் கண்டதாக டால்டார்ஃப் 1797இல் அறிவித்த மீனும் இந்தப் பனையேறியே. இவ்விரண்டும் இம்மண்ணின் மீன்கள். கலங்கல் நீரிலும் பிழைப்பவை. ஆகவே வடிகால் யுகம் எல்லா நாட்டுமீன்களையும் ஒரேபோல் தாக்கவில்லை. கருநீரை மட்டுமே நம்பியவைதாம் இடமிழந்தன.

ஈயக்குட்டை

2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயாவில், வெள்ளீயம் தோண்டிய பள்ளங்கள் ஏரிகளாயின. 1985இல் உலக வெள்ளீயச் சந்தை சரிந்தபின் கைவிடப்பட்ட இத்தகைய குட்டைகளில் திலாப்பியா, 1980களில் நாட்டுக்குள் வந்த கெலி ஆப்பிரிக்கா எனும் ஆப்பிரிக்கக் கெளுத்தி, தென்னமெரிக்காவின் மயில் பாஸ் எனப் பலவும் குடியேறின. மயில் பாஸ் சிறுமீன்களை வேட்டையாடுவது. தூண்டிற்காரர்களுக்கோ அது விருப்பமீன். இயந்திரம் தோண்டிய குட்டைக்குத் தொன்மையான மீன்குடி கிடையாது. அங்குள்ள தோமான் என்னும் பெருவிராலும் சாதாரண விராலும்கூட வெளியிலிருந்து வந்தவையே. ஆபத்து, வெள்ளக் காலத்தில் குட்டைநீர் வழிந்து ஆற்றோடு கலக்கும்போதுதான்.

முடிவுரை

ஒரு குட்டையில் மீனினங்களின் எண்ணிக்கை கூடும் அதே வேளையில், வட்டாரத்துக்கே உரிய இனங்கள் அருகிப்போகலாம். எனவே எண்ணிக்கையை மட்டும் கொண்டு பல்வகைமையை அளப்பது பிழை. அயல்மீனைப் பிடித்து அகற்றுவது குட்டைக்கும் ஆற்றுக்கும் உதவும். ஆனால் பெட்டா லிவிடாவுக்கு வேண்டியது வடியாத கருநீர். 2008 முதல் ராஜா மூசாவில் சிலாங்கூர் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் வாய்க்கால்களை அடைத்து நீரைத் தேக்கி வருகின்றன. காட்டுத்தீயைத் தடுக்கும் பணியாகவே பேசப்படும் அதை, இவ்வட்டாரத்தின் மீன்காப்புப் பணியாகவும் கணக்கில் கொள்ள வேண்டும்.