ஆர்க்கேட் இயந்திரங்களும் தொடுதிரை கியாஸ்க்குகளும்

ஆர்க்கேட் இயந்திரம் காசு போட்டு விளையாடும் மின்னணு விளையாட்டுப் பெட்டி. கியாஸ்க், பயணச்சீட்டு எடுக்கவும் தகவல் பார்க்கவும் பொது இடங்களில் நிறுவப்படும் தொடுதிரைப் பெட்டி. இரண்டிலும் ஒரு திரை, ஒரு கணினி, நின்றபடியே இயக்க வசதியான கூடு. முன்பின் பழக்கமில்லாத எவரும் வந்து தட்டிப்பார்ப்பார் என்று எதிர்பார்த்தே இரண்டும் செய்யப்படுகின்றன.

நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் வடிவமைத்து 1971இல் வெளிவந்த 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்', விதிகளைப் படித்துத் தெரிந்துகொண்டு ஆட வேண்டிய விளையாட்டு. மதுக்கடைக்கு வருகிறவர்களுக்கு அதற்குப் பொறுமையில்லை. அடுத்த ஆண்டு அடாரி நிறுவனத்தின் 'பாங்' கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் ஒரு மதுக்கடையில் சோதனைக்கு வைக்கப்பட்டது. சில நாளில் அது நின்றுபோனது. திறந்து பார்த்தால் காசுப்பெட்டி நிரம்பி வழிந்தது. பந்தைத் தவறவிடக் கூடாது என்பதற்கு மேல் அதில் கற்க ஒன்றுமில்லை.

பொது கியாஸ்க்குகளின் தொடக்க கால முன்னோடி 1977இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 'பிளேட்டோ' கணினி அமைப்பைக் கொண்டு உருவானது. பேருந்து நேரம், வரைபடம், திரைப்பட விவரம் போன்றவற்றை மாணவர்கள் திரையைத் தொட்டே தெரிந்துகொண்டனர். பிளேட்டோ திரைகளின் முகப்பில் அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. அவற்றை விரல் மறிக்கும் இடமே தொட்ட இடம்.

உருவத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டின் கணக்கு வேறு. ஆட்டம் சீக்கிரம் முடிந்து அடுத்த காசு விழுந்தால்தான் ஆர்க்கேட்டுக்கு வருமானம். ஆனால் ஆடியவர் கோபித்துக்கொண்டு போய்விடவும் கூடாது. அதனால் கடினம் படிப்படியாக ஏறும். டைட்டோ நிறுவனத்தின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' (1978) ஆட்டத்தில் எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்களின் வேகம் கூடியது. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் இது தானாக நேர்ந்தது. வடிவமைப்பாளர் தோமோஹிரோ நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டது நல்ல முடிவு. கியாஸ்க்கில் அப்படியொரு கடினம் வந்தால் பின்னால் வரிசை நீளும், அவ்வளவுதான்.

நினைவிலும் வேறுபாடு உண்டு. 'ஆஸ்டெராய்ட்ஸ்' (1979) அதிகப் புள்ளி எடுத்தவரின் மூன்றெழுத்துப் பெயரைத் திரையில் வைத்துக் காட்டியது. கியாஸ்க்கோ, பயன்படுத்தியவர் போனதும் அவரது விவரங்களைத் திரையிலிருந்து அழித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும்.

கியாஸ்க் எல்லாருக்கும் தானாகப் புரிந்துவிடும் என்பது இன்னும் நிறைவேறாத எதிர்பார்ப்பு. சென்னைப் புறநகர் ரயில் நிலையங்களில் உள்ளது போன்ற தானியங்கி பயணச்சீட்டு இயந்திரங்களுக்கு அருகில், சீட்டு எடுத்துத் தர ஓய்வு பெற்ற ஊழியர்களை ரயில்வே அமர்த்துவதுண்டு.